ஓபியோலைட்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘கரையேறு கடலடுக்கு’ என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

கடல்தரையும் அதன் அடிப்பாறைகளும் அடுக்கோடு நிலத்தின்மேல் வந்து தங்கிய பாறைக் கூட்டத்துக்கு ஓபியோலைட் என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாறு சொற்கள் வந்திருக்கின்றன. எதையும் அவசரப்பட்டுத் தள்ளிவிடக் கூடாது என்று பொறுத்திருந்தேன். நிலவியல் பகுதிப் பட்டியலை முடிக்கவேண்டிய நாள் நெருங்குவதால் எழுதுகிறேன். மடல் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒன்பது ஆண்டுகள் ஓமானில், சொஹார் நகரில் வேலை பார்த்தவன். வெள்ளிக்கிழமைகளில் வாதி ஜிஸ்ஸி என்ற பள்ளத்தாக்கு வழியாக மலைக்குள் போவோம். முதல் இரண்டு ஆண்டுகள் அங்கே எனக்குத் தெரிந்ததெல்லாம் கரிய மொட்டைப் பாறைகள்தான். உடன் வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் வண்டியை நிறுத்தி ஓர் ஓடைக்கரைச் சுவரைக் காட்டினார். அரிசி மூட்டைகளைக் கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவைத்தது போல இருந்தது அந்தச் சுவர். ஒவ்வொரு மூட்டையும் மேலே உருண்டு, கீழே குறுகி, அடியிலுள்ள இரண்டு மூட்டைகளின் இடுக்கில் வாலை நுழைத்துக்கொண்டிருந்தது. விளிம்பில் விரல் தடிமனுக்குக் கருமையான ஒரு தோல். கடலடியில் வெளிவந்த எரிமலைக்குழம்பு குளிர்ந்த நீர் பட்டவுடன் மேல்தோல் இறுகி, உள்ளே இன்னும் குழம்பாக இருக்கும்போதே கீழே இருப்பதன் மேல் படிந்து உறைந்த கோலம் அது. தலையணைப் பாறை என்று நாம் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட சொல் அந்தக் கோலத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். 1975-இல் ஜியோடைம்ஸ் இதழின் அட்டையில் வந்ததால் உலக நிலவியலாளர்கள் அந்தச் சுவரை இன்றும் அந்த இதழின் பெயரிட்டே அழைக்கிறார்கள். சாலையிலிருந்து இறங்கிப்போய்க் கையால் தொடலாம். தொட்டது ஏறத்தாழ 9.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடலின் தரையை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பொருளுக்குப் பெயர் வைப்பதற்கு முன் அந்தப் பொருள் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நம் இழையில் பாதிச் சிக்கல் சொல்லில் இல்லை, பொருளைப் பற்றிய நம் புரிதலில் இருக்கிறது.

இனி ஒவ்வொரு சொல்லாக வருகிறேன்.

> கிரேக்க மூலத்தில் பாம்பு, கல் என்ற இரண்டு சொற்களும் இருப்பதால் ‘நாகக்கல்’ அல்லது ‘பாம்புக்கல்’ என்பதே நேர்மையான ஆக்கம்.

ஐயா, மூலச்சொல்லைப் பிரித்துப் பார்த்த தங்கள் உழைப்புக்கு நன்றி. 1813-இல் பிரெஞ்சு அறிஞர் அலெக்சாந்தர் பிரோஞியார் அந்தப் பெயரை இட்டபோது அவர் கண்டது பச்சையும் கருமையும் கலந்து பாம்புத்தோல் போல் மின்னிய ஒரு கல். அது கடலடியிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. கண்டங்கள் நகரும் என்பதே அப்போது யாரும் பேசாத செய்தி. கண்ணுக்குப் பட்டதை வைத்துப் பெயரிட்டார், அது அவர் காலத்துக்குச் சரி. இருநூறு ஆண்டுகள் கழித்துப் பெயரிடும் நாம் அந்தத் தோற்றத்தை மொழிபெயர்த்தால், அவருக்குத் தெரியாமல் போனதையும் சேர்த்தே மொழிபெயர்க்கிறோம்.

தமிழுக்குள்ளேயே இருக்கும் தடை இன்னும் பெரியது. பாம்புக்கல் என்றால் நம் ஊரில் கடிவாயில் வைத்தால் விஷத்தை உறிஞ்சும் என்று நம்பப்பட்ட கல். நாகக்கல் என்றால் அரசமரத்தடியில் மஞ்சள் பூசி வைத்திருக்கும் கல். இரண்டும் உயிரோடு புழங்கும் சொற்கள். பத்தாம் வகுப்பு மாணவி ‘இமயமலையில் நாகக்கல் கிடைக்கிறது’ என்று படித்தால் அவள் மனத்தில் என்ன படம் எழும்? போதாக்குறைக்கு, செர்பென்டினைட் என்ற பாறைக்கும் இலத்தீனில் பாம்புதான் மூலம். இரண்டுக்கும் பாம்பை வைத்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். செர்பென்டினைட் தனிப் பாறை, ஓபியோலைட் என்ற தொகுப்பில் அது ஓர் உறுப்பு.

இங்கே 1972-ஆம் ஆண்டை நினைவுபடுத்த வேண்டும். அமெரிக்க நிலவியல் சங்கத்தின் பென்ரோஸ் மாநாட்டில் கூடியவர்கள் இந்தச் சொல்லுக்கு வரையறை எழுதினார்கள். அதில் தெளிவாக ஒன்று சொன்னார்கள்: இது ஒரு பாறையின் பெயர் அல்ல, குறிப்பிட்ட வரிசையில் அமைந்த பாறைக் கூட்டத்தின் பெயர். அடியில் பெரிடோடைட் (மேலோட்டுக்கு அடியிலுள்ள கனத்த பாறை), அதன்மேல் கேப்ரோ (ஆழத்தில் மெல்ல உறைந்த குழம்புப் பாறை), அதன்மேல் நெருக்கமாக நிற்கும் சுவர்ப்பாறைகள், அதன்மேல் தலையணைப் பாறைகள். எல்லாவற்றுக்கும் மேலே பெரும்பாலும் ஆழ்கடல் வண்டல். எனவே கல், பாறை என்று முடியும் எந்தச் சொல்லும் வரையறையிலேயே தோற்றுவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இழையில் வந்த ‘பசும்பாறை’யையும் நான் ஒதுக்குகிறேன்.

> தொல்கடலோடு. சுருக்கமாகவும் இருக்கிறது, கடலின் மேலோடு என்பதும் விளங்குகிறது.

அம்மையாரின் இந்தச் சொல்லில் எனக்குப் பல நாள் மயக்கம் இருந்தது. ஓசை இனிமை. ஆனால் வாக்கியத்தில் இட்டுப் பாருங்கள்: ‘தொல்கடலோடு மோதிய கண்டம்.’ ஓடு என்பது இங்கே மேலோடா, ‘உடன்’ என்ற பொருள் தரும் வேற்றுமை உருபா? பெயர்ச்சொல் முடியும் இடத்திலெல்லாம் இந்தத் தடுமாற்றம் வந்துகொண்டே இருக்கும்.

இலக்கணத் தடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொருள் தடை அதைவிடக் கனமானது. ‘ஓடு’ என்பது புவியின் மேலோட்டை மட்டும் குறிக்கும். ஓமான் மலைகளில் மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசப் பகுதியும் கிலோமீட்டர் கணக்கில் வெளியே கிடக்கிறது. மேலோடும் கவசமும் சந்திக்கும் எல்லைக்கு மோகோ என்று பெயர். குரோவாசிய அறிஞர் மொகொரோவிசிச் 1909-இல் நிலநடுக்க அலைகளை வைத்து அதைக் கண்டறிந்தார். கடல்தரைக்குக் கீழே ஆறேழு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்த எல்லையைத் துளையிட்டு எட்டிவிட வேண்டும் என்பது அரை நூற்றாண்டுக் கனவு. ஓமானில் அதன்மேல் காலை வைத்து நடக்கலாம். ஒரு பக்கம் கேப்ரோ, மறு பக்கம் துருப்பிடித்த செம்பழுப்பில் கவசப் பாறை. ஓடு என்று பெயரிட்டால் பாதி மலையை வெளியே விட்டுவிடுகிறோம்.

‘தொல்’ என்ற முன்னொட்டும் நிலைக்காது. சிலியின் தைத்தாவோ தீபகற்பத்தில் இருப்பதற்கு வயது சுமார் 60 இலட்சம் ஆண்டுகள்தான், நிலவியல் கணக்கில் நேற்றுப் பிறந்த குழந்தை. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே மக்குவாரித் தீவு முழுவதுமே உயர்ந்து வெளிவந்த கடல்தரை. அதைச் சுற்றியுள்ள கடல் இன்றும் அங்கேயே இருக்கிறது. ‘மறைகடல்’ என்று ஒருவர் முன்வைத்த சொல்லுக்கும் இதுவே விடை. மறைந்த கடல்களைப் பற்றி இவை நமக்குச் சொல்கின்றன என்பது உண்மை. எல்லாமே மறைந்த கடல்களுக்கு உரியவை என்பது உண்மை அல்ல.

‘நடுக்கடல்’ என்று தொடங்கும் சொல்லைப் பற்றியும் ஒரு வரி. சைப்பிரசின் துரூதோசு மலை நடுக்கடல் முகட்டில் (கடல்தரை பிளந்து விரியும் நீண்ட கடலடி மலைத்தொடரில்) பிறந்தது என்றுதான் முதலில் எல்லோரும் கருதினார்கள். 1973-இல் ஜப்பானிய அறிஞர் அக்கிஹோ மியாஷிரோ அதன் வேதியியலைப் பார்த்துவிட்டு, இது ஒரு புவித்தட்டு மற்றொன்றுக்கு அடியில் அமிழும் இடத்தில் எழும் எரிமலைத் தீவு வளைவில் பிறந்த குழம்பு என்றார். பெரும் சண்டை நடந்தது. இன்று இவற்றில் பெரும்பாலானவை அமிழும் தட்டுக்கு மேலே விரிந்த கடல்தரையில் பிறந்தவை என்பதே பரவலான கருத்து. பிறந்த இடத்தைப் பெயரில் எழுதிவைத்திருந்தால் அந்தப் பெயர் ஓராண்டில் பொய்யாகியிருக்கும்.

> ஓபியோலைட் என்றே எழுதிவிடலாமே. உலகம் முழுக்க அதுதான்.

தம்பி, இதில் அவமானம் ஒன்றும் இல்லை. கேப்ரோவையும் பெரிடோடைட்டையும் நானே ஒலிபெயர்த்துத்தான் எழுதுகிறேன். அவை தனிப் பாறைகளின் பெயர்கள், தக்காளி, கத்தரி போல. பெயரே போதும், விளக்கம் தேவையில்லை. ஓபியோலைட் அப்படி இல்லை. அது ஒரு கருத்து. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நூறாண்டுகளாக நாம் கண்டுகொண்ட ஒன்று இது: பொருட்பெயரை இரவல் வாங்கினால் மாணவர் இழப்பது குறைவு, கருத்துப்பெயரை இரவல் வாங்கினால் கருத்தே அவருக்கு வந்து சேராமல் போகும். பட்டியலில் ஓபியோலைட் என்பதையும் இணைச்சொல்லாக வைத்துக்கொள்வோம், தேடுபவர்க்கு உதவும்.

இப்போது என் முன்மொழிவு: கரையேறு கடலடுக்கு. தொடர்ந்து வரும் இடங்களில் ‘கடலடுக்கு’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

முதலில் அடுக்கு. இந்தப் பாறைக் கூட்டத்தின் உயிரே அதன் வரிசைதான். வரிசை இருப்பதால்தான் அதை வாசிக்க முடிகிறது. உச்சியில் சிவந்த செர்ட் பாறை இருக்கிறது, சிக்கிமுக்கிக் கல்லின் உறவு. ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்களின் மணற்சத்துக் கூடுகள் மழைபோல இறங்கிச் சேர்ந்து இறுகியது. குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கூடுகள் கரைந்துபோகும், மணற்சத்துக் கூடுகள் தங்கும். சுண்ணாம்பே இல்லாத சிவப்பு செர்ட்டைப் பார்த்தால் அங்கே ஆழ்கடல் இருந்தது என்று துணிந்து சொல்லலாம். அந்த நுண்ணுயிர்களின் இனம் காலத்தையும் சொல்லிவிடும்.

அதன்கீழ் தலையணைகள். அவற்றின் உருண்ட முதுகு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் அன்றைய மேல்திசை. மலையே தலைகீழாகப் புரண்டிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கும் கீழே இருப்பதைப் பற்றிச் சற்று நின்று சொல்ல ஆசை. சுவர்ப்பாறைகள். ஓலைச்சுவடி ஒன்றைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தால் ஏடுகள் எப்படி நெருங்கி நிற்குமோ அப்படி நிற்கும். ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையில் வேறு பாறையே கிடையாது. முதலில் இதைப் பார்த்தவர்களுக்குத் திகைப்பு. குழம்பு விரிசலில் புகுந்து உறைந்தால் சுவர் வரும், சரி. விரிசல் விழுந்த அந்தப் பழைய பாறை எங்கே? பழைய பாறை என்று ஒன்று இருக்கவே இல்லை என்பதுதான் விடை. தரை பிளந்தது, குழம்பு புகுந்து உறைந்தது. அந்த உறைந்த சுவரே நடுவில் மறுபடி பிளந்தது, அடுத்த குழம்பு புகுந்தது. இப்படியே இலட்சக்கணக்கான ஆண்டுகள். குளிர்ந்த பாறையைத் தொடும் விளிம்பு விரைவாக உறைந்து நுண்மணியாகும். ஆகவே ஒவ்வொரு சுவருக்கும் இரு பக்கமும் நுண்மணி விளிம்பு இருக்க வேண்டும். துரூதோசில் பல சுவர்களுக்கு ஒரு பக்கம் மட்டுமே அந்த விளிம்பு இருக்கிறது. கரும்பை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியை மட்டும் கையில் கொடுத்தது போல. மறுபாதி பிளவின் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது. எந்தப் பக்கத்து விளிம்புகள் மிகுதி என்று எண்ணிப் பார்த்து, அந்தக் கடல்தரை விரிந்த அச்சு எந்தத் திசையில் இருந்தது என்று கணக்கிட்டார்கள். கடலே இல்லாத மலைமேல் நின்றுகொண்டு கடல் விரிந்த திசையைச் சொல்ல முடிகிறது. அடுக்கு என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

வரிசை, தொகுதி, தொகை என்பவற்றையும் எண்ணிப் பார்த்தேன். தொகுதி என்றால் செய்தித்தாள் படிப்பவர்க்குத் தேர்தல். தொகை எட்டுத்தொகையை நினைவூட்டுவதால் எனக்குப் பிடித்தமானது, ஆனால் பெரும்பாலோர்க்கு அது பணம். அடுக்குப்பானை, அடுக்குமல்லி, அடுக்குமாடி என்று எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் அடுக்கு.

அடுத்து, கரையேறு. கடல்தரைப் பாறை கனமானது, கண்டப் பாறை இலேசானது. மோதினால் கனமானது கீழே அமிழும், கவசத்துக்குள் கரைந்துபோகும். இன்றைய பெருங்கடல்களின் தரையில் மிகப் பழையது மேற்குப் பசிபிக்கில் சுமார் 18 கோடி ஆண்டு. புவியின் வயது 454 கோடி. அதற்கு முன்னால் இருந்த கடல்களின் தரை ஏறக்குறைய முழுவதும் அமிழ்ந்துவிட்டது. அரிதாக, மிக அரிதாக, ஒரு துண்டு அமிழாமல் கண்டத்தின்மேல் வந்து தங்குகிறது. அந்த நிகழ்வுக்கு 1971-இல் இராபர்ட் கோல்மன் ஆங்கிலத்தில் தனிச்சொல் (obduction) ஆக்கினார். நம் பட்டியலில் அந்த இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. ‘கரையேற்றம்’ என்று வைத்துக்கொண்டால் இரண்டு இடமும் ஒருசேர நிரம்பும்.

கடல்கோள் நம் மரபில் ஊறிய சொல், கடல் நிலத்தைக் கொண்டது. இங்கே நிலம் கடலைக் கொண்டிருக்கிறது, ஆகவே ‘நிலங்கோள்’ என்று எழுதிப் பார்த்தேன். வான்கோள் பக்கம் போய்விடுகிறது. விட்டுவிட்டேன். கரையேறுதல் அப்படி இல்லை. படகைக் கரையேற்றினார்கள் என்கிறோம். கடனிலிருந்து கரையேறினான் என்கிறோம். மூழ்கிப்போயிருக்க வேண்டிய ஒன்று தப்பி மேலே வந்தது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு மறுப்பு வரும், நானே சொல்லிவிடுகிறேன். ஓமானில் கடல்தரை தானாக ஏறவில்லை. அரேபியக் கண்டத்தின் விளிம்புதான் கடல்தரைக்கு அடியில் இழுக்கப்பட்டு, அமிழ முடியாத இலேசான பொருள் என்பதால் சிக்கி, பிறகு மேலெழுந்தது. மஸ்கட்டில் இருப்பவர்கள் விடுமுறைக்குப் போகும் அஸ் ஸிஃபா கடற்கரையில், பல பத்துக் கிலோமீட்டர் ஆழம்வரை போய்த் திரும்பிய கண்டப் பாறைகள் அதற்குச் சான்றாக நிற்கின்றன. அப்படியானால் கரையேறியது யார்? யார் யாரைத் தூக்கினார்கள் என்பதில் நம் சொல் தலையிடவில்லை. ஓதம் பெருகிக் கரை மூழ்கி, வடிந்தபின் படகு மணலில் நின்றாலும் படகு கரையேறிவிட்டது என்றுதான் சொல்வோம்.

‘கரையேறிய’ என்று இறந்தகாலத்தில் வைக்காமல் ‘கரையேறு’ என்று வினைத்தொகையாக வைத்ததும் எண்ணிச் செய்ததே. ஊறுகாய் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். மூன்று காலத்தையும் ஒரு சொல்லில் அடக்கும் வசதி நம் மொழிக்கு உண்டு. ஃபின்லாந்தின் யோர்முவாவில் 195 கோடி ஆண்டுப் பழமையான கடலடுக்கு இருக்கிறது. தைத்தாவோவில் நேற்றையது இருக்கிறது. நாளையும் எங்கேனும் ஒன்று ஏறும். எல்லாவற்றையும் ஒரே சொல் தாங்கும்.

சொல் வேலைசெய்கிறதா என்று பார்க்கச் சில வாக்கியங்கள் எழுதினேன்:

‘லடாக்கில் நிதார், ஸ்பொங்டாங் ஆகிய இடங்களிலுள்ள கரையேறு கடலடுக்குகள், இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே இருந்த டெதிஸ் கடலின் எச்சங்கள்.’

‘கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் குரோசு மோர்ன் தேசியப் பூங்காவிலுள்ள கடலடுக்கு, அட்லாண்டிக் பிறப்பதற்கு முன் அங்கே இருந்து மூடிப்போன இயபீட்டசு கடலுக்குச் சான்று.’

‘அந்தமானில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு (முன்னாள் போர்ட் பிளேர்) அருகே கடலடுக்கின் தலையணைப் பாறைகளைக் கரையோரத்திலேயே காணலாம்.’

‘காவிரிக்கு வடகரையில் மணமேட்டுப் பகுதியிலுள்ள பாறைத் தொடரை, ஏறத்தாழ 70 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடுக்கு என்று ஆய்வுக் கட்டுரைகள் விளக்குகின்றன. கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது மூடிய மொசாம்பிக் கடலோடு அதை இணைக்கிறார்கள்.’

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியம் பக்கம் வாழைத்தோட்டங்களுக்கு அருகே ஒரு கடலின் தரை. ‘கடலோடு’ என்ற சொல் அந்த வாக்கியத்தில் இயல்பாக வந்து விழுந்ததையும் அம்மையார் கவனிப்பார்கள். அது மேலோடு அல்ல, உருபு.

செம்பைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்காமல் விட மனம் வரவில்லை. சைப்பிரசு என்ற பெயரும் இலத்தீனில் செம்பின் பெயரும் ஒன்றோடொன்று பிணைந்தவை. சுமேரியர் ‘மகன்’ (Magan) என்ற நாட்டின் செம்பு என்று குறித்தது ஓமானின் செம்பை. இரண்டுமே கடலடுக்கில் விளைந்தவை. கடல்தரையின் விரிசல்களில் கொதிநீர் பீறிட்டுக் கொண்டுவந்து கொட்டிய உலோகம். 1979-இல் பசிபிக்கின் அடியில் அத்தகைய கரும்புகைக் கொதியூற்றுகளையும் அவற்றைச் சுற்றி வாழும் குழாய்ப் புழுக்களையும் நேரில் கண்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1984-இல், ஓமானின் செம்புத் தாதுவுக்குள் அதே போன்ற புழுக்குழாய்களின் புதைபடிவங்களை அறிவித்தார்கள். கடல் போய்விட்டது. அதன் ஊற்றுவாயில் ஒட்டிக்கொண்டிருந்த புழுவின் வீடு இருக்கிறது.

இலங்கை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாடநூல்களில் நிலவியலுக்குப் புவிச்சரிதவியல் என்று இருக்கிறது. புவியின் சரிதம் என்ற பார்வை எனக்கு மிகவும் உவப்பானது. கடலடுக்குக்கு அங்கே ஏற்கெனவே வேறு சொல் வழங்குமானால் தயவுசெய்து தெரிவியுங்கள். இரு கரைக்கும் ஒரே சொல் அமைந்தால் நல்லது.

இன்னும் ஒரு சொல் பாக்கி. கடலடுக்கின் அடிப்பகுதியில், கீழே அமிழ்ந்த தட்டை உரசிய இடத்தில், சூட்டாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மெல்லிய பாறைப் படலம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்குப் பாதத்தின் அடிப்பக்கத்தைக் குறிக்கும் சொல்லே (sole) பெயர். ஓமானில் அந்தப் படலத்திலுள்ள கார்னெட் படிகங்களின் வயது 10.4 கோடி ஆண்டு, மேலே உள்ள கடல்தரையைவிட மூத்தது. தட்டு அமிழத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தரையே விரிந்தது என்று இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். ‘உள்ளடி’, ‘உருமாறு பாதம்’ என்று இரண்டு குறித்துவைத்திருக்கிறேன், இரண்டிலும் நிறைவில்லை. ஞாயிறு இரவு பட்டியலை அனுப்ப வேண்டும். அதற்குள் யாரேனும் நல்ல சொல் தந்தால் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
சொஹாரில் இருந்து திரும்பிய உங்கள் நண்பன்